மற்றும் பலர்

எங்கள் ஊர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நான் டி.டி.பி. சென்டர் போட்டு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர்களின் பிட் நோட்டீஸ் என்று தமிழில் எதையெல்லாம் வாழ்த்தலாமோ, எதற்கெல்லாம் வருந்தலாமோ அத்தனையும் அடித்துக் கொடுத்தாகிவிட்டது. இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட இலக்கணம் ஒன்றுதான். கண்ணீர் அஞ்சலியில் பிழை விழுந்தால் மன்னித்துவிடுவார்கள். சம்பந்தப்பட்டவர் வந்து கேட்கப் போவதில்லை. நன்றி நோட்டீஸில் ஒரு பெயர் விட்டுப்போனால் மன்னிக்க மாட்டார்கள். விட்டுப்போனவர் அன்று சாயங்காலமே கடைக்கு வந்துவிடுவார்.

2023 டிசம்பர் இரண்டாவது வாரம் எங்கள் 14-வது வார்டு கவுன்சிலரம்மா கடைக்கு வந்தார். தனியாக வந்தார் என்பதே செய்தி.

இதற்குக் கொஞ்சம் பூர்வகதை உண்டு. 2011-க்கு அப்புறம் தமிழ்நாட்டில் நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ம் தேதிதான். நடுவில் ஓடிய பத்து வருஷமும் இந்த அம்மாவின் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டிக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு காத்திருந்தார். அதற்குள் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று சட்டம் வந்துவிட்டது. வார்டுப் பட்டியலில் எங்கள் வார்டு பெண்களுக்கு என்று வந்ததும் மனுஷன் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று சொல்வார்கள். மறுநாள் காலை வேட்டியை மடித்து வைத்துவிட்டு, ஜவுளிக்கடைக்குப் போய்க் கட்சிக் கரை போட்ட புடவை இரண்டு எடுத்து வந்தார். ஜெயித்தது அம்மா. ஆனால் ஊரில் ‘கவுன்சிலர்’ என்றால் இன்றைக்கும் அவர்தான். அந்த அம்மாவை ‘கவுன்சிலர் சம்சாரம்’ என்பார்கள். பதவியில் இருப்பவரை அந்தப் பதவியின் மனைவி என்று அழைப்பதற்கு வேறு மொழியில் வசதி இருக்கிறதா என்று தெரியவில்லை.

அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து போனை நீட்டினார். “அண்ணே, தம்பி ஆஸ்திரேலியாவுல இருந்து அனுப்பியிருக்கான். பாருங்க.”

மகன் கான்பெராவில் படிக்கிறான். அங்கே நாடாளுமன்றம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடைசியாகக் கூடும்போது ஒரு வழக்கம் இருக்கிறது. பிரதமர் எழுந்து அந்த வருஷத்துக்கு எல்லோருக்கும் நன்றி சொல்வார். பிறகு எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து சொல்வார். சபாநாயகர், செயலகத்தார், பேசுவதையெல்லாம் எழுதிப் பதிவு செய்கிறவர்கள், கார் ஓட்டுகிறவர்கள், அறைகளைப் பெருக்கித் துடைக்கிறவர்கள், தோட்டக்காரர்கள் என்று பட்டியல் கீழே இறங்கிக்கொண்டே போகும். வருஷம் முழுக்க ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டவர்கள் அன்றைக்கு மட்டும் சிரித்துக்கொண்டு கை குலுக்குவார்கள். வீடியோவில் அதைத்தான் பார்த்தோம். எனக்கும் இங்கிலீஷ் அரைகுறை, அம்மாவுக்கும் அரைகுறை. ஆனாலும் இரண்டு தடவை பார்த்தோம்.

என் கடைப் பையன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான். “ரெண்டு பேர்ல யாருண்ணே கட்சி மாறப் போறது?”

“தம்பி சொல்றான், அம்மா நீயும் இந்த மாதிரி செய்யின்னு. உண்மையா வேலை செஞ்சவங்களுக்கு மட்டும். ஒரு அரைத்தாள் நோட்டீஸ். ஜனவரி ஒண்ணுக்கு முன்னாடி வார்டு பூரா கொடுத்துடணும்” என்றார் அம்மா. காலண்டராகவே போட்டுவிடலாமே என்றேன். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே காலண்டர் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். டிசம்பரில் போய்க் கேட்டால் மிச்சம் இருக்கிற சாமியைத்தான் கொடுப்பார்கள் என்று எனக்கே உடனே ஞாபகம் வந்து, நோட்டீஸே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பணம்? அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அந்த வருஷம் ஜூலையிலிருந்துதான் நகராட்சிக் கவுன்சிலர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் என்று அரசு கொடுக்க ஆரம்பித்திருந்தது. “இது என் சம்பளம்ணே. அவருக்குத் தெரியாது” என்றார். தெரியாது என்றது சம்பளமா, நோட்டீஸா என்று நான் கேட்கவில்லை.

அம்மா சொன்ன பெயர்கள் ஆறு. தண்ணீர் வால்வு திறந்துவிடுகிறவர். குப்பை வண்டியோடு வரும் இரண்டு பெண்கள். மின்வாரிய லைன்மேன். நகராட்சியின் ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர். கடைசியாக, 9-வது வார்டு கவுன்சிலர். அவர் எதிர்க்கட்சி.

ஆறு பெயரை எழுதி வாங்கிக்கொண்டபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நடுக்கம்தான். நம் ஊரில் நன்றி என்பது தண்ணீர் மாதிரி இல்லை. தண்ணீர் மேலிருந்து கீழே ஓடும். நன்றி கீழிருந்து மேலே ஓடும்.

கட்சிப் பொதுக்கூட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஒருத்தர் மைக்கைப் பிடித்தால் மேடையில் இருக்கிற அத்தனை பேரையும் வரிசை தப்பாமல் ‘அவர்களே’ போட்டுக் கூப்பிட வேண்டும். மாவட்டச் செயலாளர் அண்ணன் அவர்களே, நகரச் செயலாளர் அண்ணன் அவர்களே, முன்னாள் நகரச் செயலாளர், இந்நாள் தலைமைச் செயற்குழு உறுப்பினர் அண்ணன் அவர்களே. ஒரு கூட்டத்தில் ஒருவர் பேச்சில் எழுபத்து மூன்று ‘அவர்களே’ எண்ணினேன். பேச்சு நான்கு நிமிஷம். அண்ணா ‘தம்பி’ என்று ஒரே வார்த்தையில் ஒரு தலைமுறையையே கூப்பிட்டுக் கடிதம் எழுதினார். கலைஞருக்கு ‘உடன்பிறப்பே’ போதுமாக இருந்தது. எம்.ஜி.ஆருக்கு ‘ரத்தத்தின் ரத்தமான’ என்றால் கூட்டம் முழுக்க அடங்கிவிட்டது. தலைவர்கள் நம்மைக் கூப்பிட ஒரு வார்த்தை போதும். நாம் அவர்களைக் கூப்பிடத்தான் அரைமணி நேரம்.

நன்றியுரை என்று ஒன்று நிகழ்ச்சி நிரலின் அடியில் இருக்கும். அதை வட்டப் பிரதிநிதி மாதிரி யாராவது, எங்கேயும் பேச வாய்ப்புக் கிடைக்காதவருக்குக் கொடுப்பார்கள். சிறப்புரை முடிந்து தலைவரின் கார் கிளம்பியதும் கூட்டமும் கிளம்பிவிடும். இவர் எழுந்து தொண்டையைச் செருமும்போது மைக் செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருப்பார். பந்தல்காரர் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்து, உட்கார்ந்திருக்கிறவரையும் சேர்த்து அடுக்கிவிடலாமா என்று பார்ப்பார். அந்த நேரத்தில் யாருக்கு நன்றி சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன? ஆனாலும் அந்த வட்டப் பிரதிநிதி ஒரு பெயரை விட்டால் மறுநாள் பஞ்சாயத்து நிச்சயம். போனவருக்கு யாராவது போன் போட்டுச் சொல்லியிருப்பார்கள்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். ஆண்டின் முதல் கூட்டத்தொடரில் ஆளுநர் உரை நிகழ்த்த வேண்டும், சட்டமன்றம் அதற்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட வேண்டும். உரையை எழுதிக் கொடுப்பது அரசு. அதாவது தான் எழுதிக் கொடுத்ததைப் படித்ததற்குத் தானே நன்றி சொல்கிறது. 2023 ஜனவரியில் தமிழ்நாட்டு ஆளுநர் சில பகுதிகளைப் படிக்காமல் விட்டார், முதல்வர் எதிர்த் தீர்மானம் கொண்டுவந்தார், தேசிய கீதத்துக்கு முன்னாலேயே ஆளுநர் எழுந்து போய்விட்டார். அதற்கப்புறமும் நன்றித் தீர்மானத்தின் மீது முறைப்படி விவாதம் நடந்தது. டில்லியில் இன்னும் ஒருபடி மேலே. 2015-லும் 2016-லும் மாநிலங்களவையில் குடியரசுத் தலைவர் உரைக்கான நன்றித் தீர்மானத்துக்கு எதிர்க்கட்சிகள் திருத்தம் கொண்டுவந்து, வாக்கெடுப்பில் ஜெயித்தும் காட்டின. நன்றிக்கே திருத்தம். என் தொழிலில் ப்ரூஃப் பார்க்கிறவன் என்ற முறையில் இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

விஷயத்துக்கு வருகிறேன். அன்று சாயங்காலமே கவுன்சிலர், அதாவது கவுன்சிலரின் வீட்டுக்காரர், கடைக்கு வந்துவிட்டார். யார் சொன்னது என்று கேட்கத் தேவையில்லை. என் கடையில் ஒரு பெண் தனியாக அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் அது எதிர் டீக்கடைக்குத் தெரியும். டீக்கடைக்குத் தெரிந்தால் கட்சிக்குத் தெரியும்.

“என்னண்ணே, நன்றி நோட்டீஸாமே. நம்ம லிஸ்ட் இல்லாமலா?” என்று சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். விரித்தால் அறுபத்தொரு பெயர். மாவட்டத்தில் ஆரம்பித்து பூத் கமிட்டியில் முடிகிறது. அதில் மூன்று பேர் அந்தத் தேர்தலில் அவருக்கு எதிராகவே வேலை செய்தவர்கள் என்பது எனக்கே தெரியும். எதிர் வேட்பாளரின் நோட்டீஸையும் நான்தான் அடித்தேன். “அவங்களுக்குத்தாண்ணே முக்கியமா போடணும்” என்றார். “நாம நன்றி சொல்லிட்டா, அடுத்த தடவை அப்படிச் செய்ய அவங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும்ல?” அரசியலை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன்.

அரைத்தாளில் அறுபத்தொரு பெயரும் ஐந்து படமும். கட்டத்துக்குள் கட்டம் போட்டேன். மறுநாள் ப்ரூஃப் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள், இரண்டு பேரும் ஒரே அந்தஸ்து. ஒருவர் என் மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்துத் தாளில் வைத்து அளந்தார். “அவர் பேரு பெரிசா இருக்கு.” இல்லைண்ணே, இரண்டும் பதினாலு பாயிண்ட்தான் என்றேன். கம்ப்யூட்டரில் காட்டினேன். நம்பவில்லை. கடைசியில்தான் காரணம் புரிந்தது. அவர் பெயர் பதினோரு எழுத்து, கட்டத்துக்குள் அடங்க நானே கொஞ்சம் நெருக்கிப் போட்டிருக்கிறேன். இன்னொருவர் பெயர் மூன்றே எழுத்து, காலை நீட்டிப் படுத்திருக்கிறது. “அவங்கப்பா வச்ச பேருக்கு நான் என்னண்ணே பண்றது?” என்றேன். “அதுக்காக எங்கப்பா வச்ச பேரை நீங்க நசுக்குவீங்களா?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மூன்றெழுத்துக்காரருக்கு முன்னால் ஒரு ‘செயல்வீரர்’ சேர்த்து இடத்தை அடைத்தேன். உடனே மற்றவர், எனக்கு ‘செயல்வீரர்’ ஏன் இல்லை என்றார்.

கடைசி வரியில் ‘மற்றும் பலருக்கும்’ என்று முடித்திருந்தேன். அது எங்கள் தொழிலின் பாதுகாப்புக் கவசம். அம்மா ப்ரூஃபைப் பார்த்தார். தன்னுடைய ஆறு பேரைத் தேடினார். கிடைக்கவில்லை.

“அண்ணே, இந்த மற்றும் பலர்னா யாரு?”

“இடம் கிடைக்காதவங்கம்மா.”

அம்மா தாளைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. “இந்தப் பக்கம் பூரா இடம் கிடக்குதே. மற்றும் பலரை இங்க போடுங்க.”

இரண்டு பக்கம் அடித்தால் செலவு கூடுமே என்றேன். இன்னொரு மாதச் சம்பளம் மேஜைக்கு வந்தது.

இதோடு முடிந்திருந்தால் இது கதையே இல்லை. நான் நினைத்தது, பெயர் போடவில்லை என்று சண்டைக்கு வருவார்கள் என்றுதான். வந்தார்கள், சண்டைக்குத்தான் வந்தார்கள். ஆனால் பெயரை எடுக்கச் சொல்லி.

முதலில் 9-வது வார்டு கவுன்சிலர். ராத்திரி ஒன்பதரைக்கு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட பிறகு, குனிந்து உள்ளே நுழைந்தார். ஷட்டரைத் தானே முழுக்க இறக்கினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. “அண்ணே, என் பேரு அந்தம்மா நோட்டீஸ்ல வருதாமே. என்னை வாழ விடுங்கண்ணே” என்றார். நடந்தது இவ்வளவுதான்: மழைநீர் வடிகால் ஒன்று 14-வது வார்டில் ஆரம்பித்து 9-வது வார்டில் போய் முடிகிறது. அந்தத் தீர்மானம் வந்தபோது இவர் எதிர்த்து நிற்காமல் கையைத் தூக்கிவிட்டார். “நான் கை தூக்கினது என் வார்டுக்காக. அதை அவங்க கட்சி நோட்டீஸ்ல நன்றின்னு போட்டா, எங்க மாவட்டம் என்னை என்ன நினைப்பாரு? நான் அங்க போகப் போறேன்னு ஊருக்கே தெரிஞ்ச மாதிரி ஆயிடாதா?” கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, “போற மாதிரி ஐடியா இருந்தாக்கூட இப்பவே தெரியக்கூடாதுல்ல” என்றார். அவருக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

ஏ.இ. நேரில் வரவில்லை. போனில், “நன்றின்னு போட்டா அதுக்கு ஏதோ வாங்கினேன்னு எழுதுவாங்க சார், ஒருத்தன் பெட்டிஷன் போட்டாப் போதும்” என்று சொல்லி வைத்துவிட்டார். லைன்மேன் பைக்கை நிறுத்தாமலே, ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னார். “பேரைப் போடுங்க, பரவாயில்ல. நம்பர் போட்டுடாதீங்க. ஃபியூஸ் போனா ஆபீசுக்குப் பண்ணட்டும்.” அவர் ஒருவர்தான் கொஞ்சம் சந்தோஷமாகப் போனவர்.

குப்பை வண்டிப் பெண்கள் இரண்டு பேரும் மத்தியானம் வந்தார்கள். துப்புரவுப் பணியாளர் என்று இருந்த பெயரைத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று அரசு மாற்றிச் சில வருஷம் ஆகிறது. அதையே போட்டிருந்தேன், படித்துக் காட்டினேன். இளையவள் சிரித்தாள். மூத்த அம்மா சிரிக்கவில்லை. “பேரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கான்ட்ராக்டர் பேரைப் போட்டீங்களா?” இல்லை என்றேன். “அப்ப எங்க பேரும் வேணாம். அவரு பேரை உட்டுட்டு எங்க பேரு வந்துச்சுன்னா, இந்த மாசம் சம்பளம் இன்னும் பத்து நாள் தள்ளிப்போவும்.” பக்கத்திலிருந்த காலண்டரில் தேதி பார்த்தாள். 19. போன மாதச் சம்பளம் இன்னும் வரவில்லையாம். கவுன்சிலரம்மாவிடம் நன்றிக்குப் பதில் அதைக் கேட்டுச் சொல்லச் சொன்னாள்.

வால்வுக்காரரைப் பார்க்க நானே போனேன். அதில் எனக்கு ஒரு சுயநலம் உண்டு. நானும் அதே வார்டு. தெருவில் கடைசி வீடு. எங்கள் வீட்டுக்கு வருவது நகராட்சித் தண்ணீர் என்று சொல்ல முடியாது. மேல் வீடுகளின் மோட்டார்கள் பார்த்து விட்டுவைத்த தண்ணீர்.

விடியற்காலை நாலரை. மார்கழிப் பனி. பிள்ளையார் கோயில் ஸ்பீக்கரில் அப்போதுதான் கரகரப்பு ஆரம்பித்திருந்தது. சைக்கிள் பாரில் ஆளுயர இரும்புச் சாவியைக் கட்டிக்கொண்டு வந்தார். தெரு முக்கில் கருங்கல் மூடியை நகர்த்தி, குழிக்குள் சாவியை இறக்கினார். அது போய் உட்காரும் சத்தம் கேட்டது, டொக். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி சுற்ற ஆரம்பித்தார். உதடு மட்டும் அசைந்தது. எண்ணுகிறார்.

“இது மொத்தம் இருவத்திரெண்டு சுத்து” என்றார் நிறுத்திவிட்டு. “பத்துல நிறுத்தினா நடுத்தெருவோட சரி. பதினாறுன்னா உங்க வீடு வரைக்கும் சுமாரா வரும். முழுசாத் திறந்தா ஜோரா வரும். ஆனா பதினஞ்சாவது வார்டு செத்துடும்.”

“எவ்வளவு திறக்கணும்னு யாருண்ணே சொல்றது?”

“யாரும் சொன்னதில்ல” என்றார். சொல்லும்போது சாவியின் கைப்பிடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

நோட்டீஸ் விஷயத்தைச் சொன்னேன். துண்டு நின்றது. “வேணாம் சார். பேரைப் போட்டீங்கன்னா என் வீட்டு வாசல்ல குடத்தோட வந்து நிப்பாங்க. இப்ப யாரைத் திட்றதுன்னு தெரியாம நகராட்சியைத் திட்றாங்க. அது நல்லாத்தானே இருக்கு?” சைக்கிளில் ஏறிய பிறகு திரும்பிப் பார்த்து, “அந்தம்மா என்னைச் சொல்லுச்சா, ஞாபகம் வச்சு?” என்று மட்டும் கேட்டார்.

அம்மாவிடம் போய் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆறு பேரில் மிஞ்சியது ஒரு லைன்மேன், அதுவும் நம்பர் இல்லாமல். அம்மா கொஞ்ச நேரம் அரிசி புடைத்துக்கொண்டே யோசித்தார். பிறகு, “பேரு வேணாம்னா விட்டுடுவோம். ஆளைச் சொல்லுவோம்” என்றார். அவர் சொல்லச் சொல்ல முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். விடியறதுக்கு முன்னாடி ஆளுயரச் சாவியோடு சைக்கிள்ல வர்றவருக்கு. வண்டி நுழையாத சந்துக்கும் விசில் ஊதிக்கிட்டு நடந்து வர்ற ரெண்டு பேருக்கு. மழையில கம்பத்துல ஏறினவருக்கு. எஸ்டிமேட்டை மூணு தடவை மாத்திப் போட்டவருக்கு. தூக்கக்கூடாத இடத்துல கையைத் தூக்கினவருக்கு. ‘நன்றி’ என்று கடைசியில் ஒரே ஒரு தடவை. என் சர்வீஸில் ஒரு ‘அவர்களே’கூட இல்லாமல் நான் அடித்த முதல் நோட்டீஸ் அதுதான்.

அடியில் வழக்கம்போல் என் கடை பெயர். நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல் நோட்டீஸில் அச்சடித்தவர் பெயரும் முகவரியும் இல்லாவிட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை உள்ளே போடலாம். இது தேர்தல் நோட்டீஸ் இல்லைதான், ஆனாலும் பழகிய கை. அந்தப் பின்பக்கத்தில் வந்த ஒரே பெயர் என்னுடையதாகிவிட்டதை அப்போது நான் கவனிக்கவில்லை. பின்னால் ஊர் கவனித்தது.

முன்பக்கத்தை யாரும் படிக்கவில்லை. அந்த அறுபத்தொரு பேரும் அவரவர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்கள். பின்பக்கம் டீக்கடையில் இரண்டு நாள் விடுகதை மாதிரி ஓடியது. சாவிக்காரர், கம்பத்துக்காரர் எல்லோரும் ஒரே நிமிஷத்தில் பிடிபட்டார்கள். கை தூக்கினவர் யார் என்பதில்தான் தகராறு. எட்டு கவுன்சிலர்கள் மேல் சந்தேகம் விழுந்தது. எட்டுப் பேரும் ஆளுக்கொரு பக்கம் மறுத்தார்கள். 9-வது வார்டுக்காரர் எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும் விடச் சத்தமாக மறுத்தார். அதனால் அவரை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை.

அம்மா அதோடு விடவில்லை. டிசம்பர் 27 நகர்மன்றக் கூட்டம். அஜெண்டாவுக்கு ஜெராக்ஸ் எடுத்தது என் கடையில்தான், கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வராந்தா ஜன்னலோரம் நின்றேன். கடைசிப் பொருள் முடிந்ததும் அம்மா எழுந்தார். இரண்டு வருஷத்தில் அவர் தானாக எழுந்தது அதுதான் முதல் தடவை. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தபடி, “உங்க வாய்க்கால் பிரச்சினை அடுத்த கூட்டத்துல வருதும்மா” என்றார்.

“வாய்க்கால் இல்லீங்க தலைவரே. நன்றி சொல்லணும்.”

மன்றம் அமைதியாகிவிட்டது. யாருக்கு, ஏன், என்ன நடக்கப் போகிறது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அம்மா நோட்டீஸின் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார். ‘ஆளுயரச் சாவி’ என்று வந்ததுமே எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஒருவர், இது திட்டமிட்ட உள்குத்து என்று கத்தினார். அவருக்கு எது குத்தியது என்பது இன்றுவரை தெரியவில்லை. எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்தது. நன்றியைக் கண்டித்து நடந்த வெளிநடப்பு அது ஒன்றாகத்தான் இருக்கும். 9-வது வார்டுக்காரர்தான் முன்னால் போனார். ஏ.இ. எழுந்து நின்று, யாரும் கேட்காமலே, 14-வது வார்டில் மாற்றப்பட்ட குழாயின் நீளம், விட்டம், செலவு எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவர் சர்வீஸில் கவுன்சிலர் எழுந்து பெயர் சொல்லாமல் ஆளை வர்ணித்தால் அடுத்து வருவது விளக்கம் கேட்கும் கடிதம்தான், பாவம், பழக்கம். அம்மா, “சார், நான் உங்களைக் குறை சொல்லலை” என்றார். அவர், “உடனடியா சரி பண்ணிடறேம்மா” என்றார்.

நிகழ்ச்சிக் குறிப்பு எனக்கே பிறகு ஜெராக்ஸுக்கு வந்தது. அதில் இப்படி இருந்தது: ‘14-வது வார்டு உறுப்பினர் குடிநீர், துப்புரவு, மின்விளக்கு தொடர்பாகச் சில கருத்துகளைத் தெரிவித்தார். உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என அலுவலர்கள் பதிலளித்தனர்.’

மகனிடமிருந்து அன்று ராத்திரி போன் வந்ததாம், எப்படிப் போச்சு என்று. “எதிர்க்கட்சிக்காரங்க எந்திரிச்சுப் போயிட்டாங்கப்பா” என்று அம்மா சொல்லியிருக்கிறார். அவன், அங்கே எழுந்து வந்து கை குலுக்குவார்கள், இங்கே எழுந்துதான் போவார்கள், எழுந்த வரைக்கும் சரிதான் என்றானாம்.

கூட்டத்தில் கேட்டார்களோ, யார் சொல்லிக் கேட்டார்களோ, துப்புரவு ஒப்பந்தக்காரர் 30-ம் தேதி சம்பளம் போட்டுவிட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஜனவரி 1-ம் தேதி விடியற்காலை எங்கள் வீட்டில் ஒரு சத்தம். என் மனைவி, பைப் உடைந்துவிட்டது, ஓடிவாங்க என்று கத்தினாள். பைப் உடையவில்லை. தண்ணீர் வருகிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் குழாயில் அவள் பார்த்ததெல்லாம் நூல், கயிறு, அதிகபட்சம் பென்சில். அன்றைக்கு வந்தது மணிக்கட்டுத் தடிமன். தொட்டி நிரம்பி, அண்டா நிரம்பி, வாசல் தெளித்து, கோலத்தையும் அழித்துக்கொண்டு ஓடியது. நான் வாசலில் நின்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு சுற்று, சந்தேகமே இல்லை.

ஜனவரி 4, 15-வது வார்டு கவுன்சிலர் கடைக்கு வந்தார். முகம் சரியில்லை. மூன்று நாளாகக் குளிக்காத முகம். உட்காரவில்லை. மேஜையில் ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை வைத்தார்.

“அண்ணே, அந்தம்மாவுக்கு அடிச்சுக் கொடுத்தீங்களாமே, நன்றி நோட்டீஸ். எனக்கும் ஒண்ணு வேணும்.”

“ரெண்டு பக்கமா? யார் யார் பேருண்ணே வரணும்?”

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “பேரெல்லாம் வேணாம். அந்தச் சாவிக்காரருக்கு மட்டும். ஒரு பதினெட்டு சுத்து வர்ற மாதிரி எழுதுங்க.”